சி10 பிக்கப்பைத் தாழ்த்துதல்: முன்னால் நாலரை இன்ச், பின்னால் ஆறு

எடுத்துக்கொண்ட வண்டி 1972 செவ்ரலே சி10. ஷார்ட் பெட் (குட்டையான சுமைத் தொட்டி), 115 இன்ச் வீல்பேஸ், 350 வி8 இன்ஜின், 3.73 கிரவுன் பினியன் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்குப் புரொபெல்லர் ஷாஃப்ட் 3.73 சுற்று). 1967 முதல் 1972 வரை வந்த இந்த வரிசை அமெரிக்காவில் தாழ்த்துவதற்கு அதிகம் தேடப்படும் பழைய பிக்கப்களில் ஒன்று. அதற்குக் காரணம் தோற்றம் மட்டும் இல்லை. முன்னால் மேலும் கீழும் கன்ட்ரோல் ஆர்ம் வைத்த தனித்தனிச் சக்கர சஸ்பென்ஷன். பின்னால் பட்டைக் கட்டுக்கு (லீஃப் ஸ்பிரிங்) பதிலாக, சேசிஸிலிருந்து பின்னோக்கி ஆக்சிலுக்குப் போகும் இரண்டு நீண்ட டிரெய்லிங் ஆர்மும் காயில் ஸ்பிரிங்கும். இந்தப் பின்பக்க ஆர்ம் அமைப்பைத்தான் நாஸ்கார் பந்தயக் கார்கள் 1960களில் எடுத்துக்கொண்டு 2021 சீசன் வரை வைத்திருந்தன. 1971 முதல் முன்னால் டிஸ்க் பிரேக்கும் ஐந்து நட்டுச் சக்கரமும் சாதாரணமாகவே வருவதால், 1971–72 மாடலில் கை வைத்தால் பிரேக் மாற்றும் செலவு மிச்சம்.

இந்த ஆய்வு, மலிவு வழியில் ஒருமுறை தாழ்த்தப்பட்டு, பிறகு ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேரும் வண்டியைப் பற்றியது. முன் காயில் வெட்டப்பட்டிருக்கும். பின்னால் 6 இன்ச் குறைக்கும் குட்டை ஸ்பிரிங் மட்டும் போட்டு மற்ற எல்லாம் பழையபடி விடப்பட்டிருக்கும். புகார்கள் ஏறக்குறைய எப்போதும் இவைதான்: சின்னப் பள்ளத்திலும் பின்னால் இரும்பு மோதும் சத்தம், 60 மைல் வேகத்தில் தரை வழியாகக் காலுக்கு வரும் ரீங்காரம், பின் சக்கரம் ஒரு பக்கம் வெளியே தள்ளி நிற்பது, முன் டயர் உள்விளிம்பில் மொட்டையாவது. நான்குக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் நான்கும் ஒரே தவறான கணக்கிலிருந்து வருகின்றன. உயரத்தைக் குறைத்தவர், அந்த உயரத்தோடு போன ஓட்டத்தையும் (சக்கரம் மேலும் கீழும் நகர உள்ள இடம்) கோணத்தையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பின்னால் ஏன் அதிகம் குறைக்க வேண்டும் என்பதற்கு ஒரு வரி போதும். காலியாக நிற்கும்போது பின்பக்கம் சற்றுத் தூக்கலாக இருக்கும்படியே கம்பெனி இதைச் செய்தது, சுமை ஏறினால் சமமாகட்டும் என்று. அதனால் முன்னும் பின்னும் ஒரே அளவு குறைத்தால் வண்டி மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நிற்கும்.

முதலில் அளவு

ஃபெண்டர் விளிம்பிலிருந்து தரைக்கு அளந்து கணக்குப் போடாதீர்கள். ஐம்பது வருட வண்டியில் கேபினைத் தாங்கும் ரப்பர்கள் அமுங்கியிருக்கும், ஃபெண்டர் ஒருபக்கம் இறங்கியிருக்கும். சேசிஸிலிருந்து தரைக்கு, நான்கு மூலையிலும், சமதளத்தில், டயர் காற்று சரிபார்த்து அளக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் இந்த மாடல்களில் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருக்கிறது, சுமார் 20 கேலன். நிறைந்த டேங்கும் வற்றிய டேங்கும் 120 பவுண்டு வித்தியாசம். முதல் அளவையும் கடைசி அளவையும் ஒரே டேங்க் மட்டத்தில் எடுங்கள்.

கூடவே மூன்று விஷயம் குறித்துக்கொள்ள வேண்டும்: ஆக்சில் குழாயின் மேல் விளிம்புக்கும் சேசிஸ் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளி, இரண்டு பக்கமும் டயர் பக்கச்சுவரிலிருந்து சேசிஸுக்கு உள்ள தூரம், டிஜிட்டல் கோணமானியில் கியர்பாக்ஸ் வெளிஷாஃப்ட், புரொபெல்லர் ஷாஃப்ட், பினியன் (ஆக்சில் ஹவுசிங்கின் முன் மூக்கில் உள்ள ஷாஃப்ட்) ஆகிய மூன்றின் சரிவு. வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போது எடுத்த கோணம்தான் கணக்கு. ஆக்சில் தொங்கும்போது எடுத்தது பயன்படாது.

முன்பக்கம்

காயிலை வெட்டுவது பாவம் என்று சொல்பவர்கள் உண்டு. அது முழு உண்மை இல்லை. வெட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகும், ஏனென்றால் விறைப்பு வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதம். எட்டு சுற்றில் ஒன்றை எடுத்தால் மீதி ஏழு. விறைப்பு ஏழில் ஒரு பங்கு, அதாவது 14 சதவீதம் கூடும். உயரம் குறைந்த வண்டிக்கு அது நல்லதே. கெடுதல் வேறு இடத்தில். வெட்டிய முனை ஆர்மில் உள்ள பள்ளத்தில் சரியாக உட்காராது. கேஸ் கட்டரில் வெட்டியிருந்தால் முனைக்கருகே கம்பியின் பதம் போய்விடும். ஸ்பிரிங்கைச் சூடாக்கி உட்கார வைப்பவர்களோ முழு ஸ்பிரிங்கின் பதத்தையும் கெடுக்கிறார்கள். அது இடதில் ஒருவிதமாகவும் வலதில் வேறுவிதமாகவும் மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் கோணம். ஸ்பிரிங் குட்டையானால் கன்ட்ரோல் ஆர்ம்கள் மேல்நோக்கி மடிந்து நிற்கும், கேம்பர் நெகட்டிவாகும் (சக்கரத்தின் மேல் பக்கம் உள்ளே சாயும்), ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் சரிந்து ஒவ்வொரு குண்டுகுழியிலும் டோ (சக்கரத்தின் முன் பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும். உள்விளிம்பு தேய்வது இதனால்தான். முன்னால் முழு நாலரை இன்ச்சையும் ஸ்பிரிங்கிலேயே எடுத்தால் அலைன்மென்ட் மெஷினில் ஷிம் (மெல்லிய தகடு) போட்டுத் தீர்க்க முடியாது.

அதனால் பிரித்து எடுக்க வேண்டும்: 2.5 இன்ச் டிராப் ஸ்பிண்டில், 2 இன்ச் டிராப் காயில். டிராப் ஸ்பிண்டிலில் சக்கரம் ஏறும் முள் மட்டும் 2.5 இன்ச் மேலே இருக்கும். ஆர்மையும் ஸ்பிண்டிலையும் இணைக்கும் பால் ஜாயின்ட், ஆர்ம், டை ராட் எதுவும் தங்கள் இடத்தை விட்டு நகராது. கோணமோ ஓட்டமோ செலவாகாமல் கிடைக்கும் உயரக் குறைப்பு இது ஒன்றுதான். கையில் காசு குறைவு என்றால் காயிலை விட்டுவிட்டு ஸ்பிண்டிலை மட்டும் போடுங்கள், தலைகீழாகச் செய்யாதீர்கள்.

2 இன்ச் டிராப் காயில் உண்மையில் 2 இன்ச் குட்டையாக இருக்காது. ஸ்பிரிங் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் சக்கரம் ஸ்பிரிங்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நகரும். ஒரு இன்ச் குட்டை ஸ்பிரிங் ஏறக்குறைய இரண்டு இன்ச் இறக்கும்.

கழற்றும் வரிசையில் ஆபத்தான இடம் ஒன்றே. லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஸ்பிரிங்கைச் சங்கிலியால் சேசிஸோடு கட்டிய பிறகுதான் பால் ஜாயின்ட் நட்டைத் தொட வேண்டும். நட்டை முழுதாக எடுக்காமல் சில மரை விட்டுவைத்து, ஸ்பிண்டிலின் காதில் பக்கவாட்டில் சுத்தியால் தட்டினால் டேப்பர் விடும். முள்கரண்டி வடிவக் கருவியைப் போட்டுப் பிளந்தால் ரப்பர் பூட் கிழியும். பழைய பால் ஜாயின்ட்டை எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் பரவாயில்லை. ஸ்டியரிங் ஆர்ம் ஸ்பிண்டிலில் போல்ட்டில் நிற்பது. பழையதையே கழற்றிப் புதியதில் போடலாம். காட்டர் பின் துளை பொருந்தவில்லை என்றால் நட்டை இறுக்கித்தான் பொருத்த வேண்டும், தளர்த்தி அல்ல.

வீல் பேரிங்: டிஸ்க்கைச் சுற்றிக்கொண்டே 12 அடி-பவுண்டு இறுக்கி, தளர்த்தி, பிறகு விரலால் இறுகும் அளவுக்குத் திருகிப் பின் போட வேண்டும். 0.001 முதல் 0.005 இன்ச் ஆட்டம் இருப்பதுதான் சரி. ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் பேரிங் சூடேறி முள்ளைத் தின்றுவிடும்.

ஸ்பிண்டில் மாற்றியதும் ஒரு நூலை எடுத்து, ஒரு பக்க ரிம்மின் அடி விளிம்பிலிருந்து எதிர்ப்பக்க டயர் தரையைத் தொடும் இடம் வரை பிடியுங்கள். லோயர் பால் ஜாயின்ட்டோ ஆர்மோ அந்த நூலுக்குக் கீழே வரக் கூடாது. டயர் வெடித்து ரிம் தரையில் இறங்கும்போது வண்டி ஸ்டியரிங் மூட்டின் மேல் சறுக்கக் கூடாது என்பதற்காக. 15 இன்ச் ரிம்முக்குக் கீழே போகும் யோசனையை விட்டுவிடலாம். பிரேக் காலிப்பரும் முட்டும்.

பின்பக்கம்: இரும்பு மோதும் சத்தம்

6 இன்ச் குட்டை ஸ்பிரிங் போட்டபின் ஆக்சிலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் (சேசிஸில் உள்ள ரப்பர் தடுப்பு) நடுவே பெரும்பாலும் ஒரு இன்ச்தான் மிஞ்சும். ஓட்டுபவர் கேட்பது "இன்னும் கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் போதாதா?" என்று. போதாது. நின்ற நிலையிலிருந்து ஸ்பிரிங் வாங்கும் அடியின் அளவு ஓட்டத்தின் வர்க்கத்தில் போகிறது. ஓட்டம் 3 இன்ச்சிலிருந்து 1 இன்ச்சானால், மோதுவதற்கு முன் ஸ்பிரிங் விழுங்கக்கூடிய அடி ஒன்பதில் ஒரு பங்கு. அதை விறைப்பால் ஈடுகட்ட ஒன்பது மடங்கு விறைப்பு வேண்டும். அப்படி ஒரு ஸ்பிரிங்கில் ஓட்டுவதைவிட ஆக்சிலைச் சேசிஸோடு வெல்டிங் செய்துவிடலாம். பம்ப் ஸ்டாப்பை அறுத்து எடுப்பதும் தீர்வல்ல. ரப்பரில் மோதியது இனி இரும்பில் மோதும், அவ்வளவே.

தீர்வு சேசிஸில் ஆக்சிலுக்கு நேர் மேலே அரைவட்டமாக வெட்டி, நாட்ச் தட்டு போடுவது. 4 இன்ச் வரை பெரும்பாலோர் நாட்ச் இல்லாமல் சமாளிக்கிறார்கள். 5 இன்ச் தாண்டினால் நாட்ச் கட்டாயம்.

இந்த வண்டியின் சேசிஸ் திறந்த சி-வடிவச் சட்டம். வளைவைத் தாங்குவது மேலும் கீழும் உள்ள மடிப்புகள்தான். நாட்ச் வெட்டும்போது கீழ்மடிப்பு முழுதாகப் போகிறது. எனவே போடும் தட்டுக்குத் தனக்கென்று வளைந்த கீழ்மடிப்பு இருக்க வேண்டும். வெறும் தட்டையான பட்டையைப் பக்கவாட்டில் ஒட்டினால் அது அழகுக்குத்தான்.

செய்முறை: பெட்டைக் கழற்றி இறக்கிவிடுங்கள். அடியிலிருந்து செய்ய முடியும், ஆனால் அப்படிச் செய்தவற்றில் துளைகள் கோணலாக இருக்கும். பாட்டரி கழற்ற வேண்டும். சேசிஸ் ஓரமாக ஓடும் பிரேக் பைப்பையும் பெட்ரோல் பைப்பையும் விலக்கிக் கட்ட வேண்டும். வெட்டும் இடத்துக்கு முன்னும் பின்னும் ஸ்டாண்ட் கொடுத்துச் சேசிஸைத் தாங்க வேண்டும். ஆக்சிலை ஜாக்கியால் இறுதி உயரத்துக்குத் தூக்கி, அந்த நிலையில் அதன் நடுக்கோட்டைச் சேசிஸில் குறியுங்கள். தொங்கும் நிலையில் குறித்தால் தவறும், ஏனென்றால் ஆக்சில் ஆர்மின் வளைவில் நகர்கிறது, நேர் மேலே போவதில்லை.

ஒரு பக்கத்தை வெட்டி, தட்டு போட்டு, போல்ட் எல்லாம் இறுக்கி முடித்த பிறகே மறுபக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் சேசிஸ் அசைந்துவிடும். வெட்டுக்கு கட்டிங் வீல். மூலைகளில் முதலில் பெரிய துளை போட்டு அதுவரை வெட்ட வேண்டும், சதுர மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். தட்டு கால் இன்ச் கனம். போல்ட் அரை இன்ச், கிரேடு 8, துளை டிரில்லில் போட்டது, போல்ட் ஆடாமல் நுழையும் அளவில். வெல்டிங்கும் செய்ய விரும்பினால் தட்டின் நீளவாக்கு விளிம்பில் மட்டும். சட்டத்துக்குக் குறுக்கே செங்குத்தாக இழுத்த வெல்டிங் கோடு, சில வருடத்தில் அதே கோட்டில் உடைய வழி செய்யும்.

நாட்ச் கிடைத்ததும் ஸ்பிரிங்கை மாட்டிவிடத் தோன்றும். மாட்டாதீர்கள். ஸ்பிரிங் இல்லாமல், ஷாக் அப்சார்பர் இல்லாமல், ஆக்சிலை ஜாக்கியால் அடியிலிருந்து மேல் பம்ப் ஸ்டாப் வரை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் இரண்டு பக்கமும் ஒன்றாக, பிறகு ஒரு பக்கம் மட்டும் தூக்கி. ரப்பர் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, சைலன்சர் பைப்பில் ஆக்சில் முட்டுகிறதா, ஸ்லிப் யோக் (புரொபெல்லர் ஷாஃப்ட்டின் சறுக்கும் முன் முனை) கியர்பாக்ஸுக்குள் முட்டாமல் முக்கால் இன்ச்சாவது மிஞ்சுகிறதா, ஹவுசிங் மூக்கு பெட் தரையின் குறுக்குச் சட்டத்தைத் தொடுமா, எல்லாம் இப்போதுதான் தெரியும். இதே சமயத்தில் ஷாக் கண்ணிலிருந்து கண்ணுக்கு மூன்று நீளம் எழுதிக்கொள்ளுங்கள்: முழு அமுக்கத்தில், நிற்கும் உயரத்தில், முழுத் தொங்கலில். ஷாக் வாங்குவது இந்த மூன்று எண்ணை வைத்து. பெட்டியில் "லோவர்டு" என்று எழுதியிருப்பதை வைத்து அல்ல. முழு அமுக்கத்தில் ஷாக்குக்குள் அரை இன்ச் மிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் ஷாக்கே பம்ப் ஸ்டாப் வேலையைச் செய்து உடையும். தொங்கலில் ஸ்பிரிங் தளர்வதற்கு முன் ஷாக் நிறுத்த வேண்டும். மேல் முனையை இடம் மாற்றும் பிராக்கெட் போட்டால் இரண்டும் சாதாரணமாக அமையும்.

சக்கரம் ஒரு பக்கம் தள்ளுவது

பின் ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது பான்ஹார்டு பார். ஒரு முனை சேசிஸில், மறுமுனை ஆக்சில் பக்கம். ஆக்சில் மேலே போகும்போது பார் வட்டவளைவில் சுழன்று ஆக்சிலை ஒருபக்கம் இழுக்கும். 30 இன்ச் பார் கிடைமட்டமாக இருந்தது என்று வைத்தால், 6 இன்ச் ஏறியதும் இழுப்பு 0.6 இன்ச். கண்ணுக்குத் தெரியும் அளவு.

நீளம் மாற்றக்கூடிய பார் போட்டுத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பார்க்க நேராகிவிடும், ஓட்ட நேராகாது. கிடைமட்டமாக இருக்கும் 30 இன்ச் பாரில் சக்கரம் 2 இன்ச் ஏறினால் ஆக்சில் பக்கவாட்டில் நகர்வது 0.07 இன்ச்தான். அதே பார் 6 இன்ச் சரிந்து நிற்கும் நிலையிலிருந்து இன்னும் 2 இன்ச் ஏறினால் நகர்வு 0.48 இன்ச், ஏழு மடங்கு. ஒவ்வொரு மேட்டிலும் பின்பக்கம் வாலை ஆட்டுவது இதனால். ஆகவே நீளத்தை மட்டும் பார்க்காமல், சேசிஸ் முனையை உயர்த்தும் பிராக்கெட் போட்டு, நிற்கும் உயரத்தில் பார் கிடைமட்டமாக வரும்படி செய்ய வேண்டும். பார் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிரெய்லிங் ஆர்மை வலுவாக்குகிறேன் என்று பக்கத்தில் தகடு வைத்து மூடிப் பெட்டியாக வெல்டிங் செய்யும் பழக்கம் இருக்கிறது. அந்த ஆர்ம் ஐ-வடிவத்தில் இருப்பது முறுக்குக் கொடுப்பதற்காக. இரண்டு ஆர்மும் ஆக்சிலோடு இறுக்கமாக யூ போல்ட்டில் கட்டப்பட்டவை. ஒரு சக்கரம் ஏறி மறுசக்கரம் இறங்கும்போது ஆர்ம் முறுகித்தான் ஆக வேண்டும். பெட்டியாக்கினால் பின்பக்கம் முழுவதும் ஒரு பெரிய ஆன்டி-ரோல் பாராகிவிடும். பிராக்கெட்டும் புஷ்ஷும் மாறி மாறிப் போகும்.

60 மைலில் ரீங்காரம்

டிரெய்லிங் ஆர்ம் முன் முனையில் சுழல்கிறது, பின் முனையில் ஆக்சிலை இறுகப் பிடித்திருக்கிறது. எனவே ஆக்சில் ஏறும்போது ஹவுசிங்கும் சேர்ந்து சுழன்று பினியன் மூக்கு கீழே குனியும். ஆர்ம் ஏறத்தாழ 4 அடி நீளம். 48 இன்ச் நீளத்தில் 6 இன்ச் ஏற்றம், அதாவது 7 டிகிரி. கியர்பாக்ஸ் வெளிஷாஃப்ட்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்பதுதான் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டின் விதி. இப்போது இரண்டுக்கும் 7 டிகிரி வித்தியாசம்.

கோணம் சமமில்லாத ஜாயின்ட் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை அதிரும். 28 இன்ச் டயர் 60 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு 720 சுற்று, 3.73 மடங்கு பெருக்கினால் ஷாஃப்ட் 2,686. இரண்டு அதிர்வு வீதம் நொடிக்குச் சுமார் 90. காலில் உணர்வது இந்த 90. சக்கர பேலன்ஸ் பண்ணுவதால் இது போகாது. சக்கரம் நொடிக்கு 12 முறைதான் சுற்றுகிறது, அதன் குறை ஸ்டியரிங்கிலும் சீட்டிலும் மெதுவான ஆட்டமாக வரும்.

தீர்வு ஆப்பு வடிவ ஷிம். ஆக்சில், ஆர்மின் மேல் உட்கார்ந்திருப்பதால் ஷிம்மின் கனத்த பக்கம் முன்னால் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் குனிவு இரட்டிப்பாகும், இது நடக்காத விஷயமில்லை. 6 டிகிரி ஷிம் போட்டால் 1 டிகிரி கீழே குனிந்து மிஞ்சும். அது வேண்டும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மூக்கு அந்த அளவு எழும்பும். அலுமினியம் ஷிம் அமுங்கி யூ போல்ட்டைத் தளர்த்தும், இரும்பாக வாங்குங்கள். யூ போல்ட் புதிதாகப் போட வேண்டும். ஒருமுறை இழுபட்ட மரை மறுபடி அதே பிடி தராது. ஓட்டிய முதல் 100 மைலுக்குப் பிறகு ஒருமுறை டார்க் பார்க்க வேண்டும்.

ஆர்மின் முன் முனை ரப்பர் புஷ் போல்ட்டைக் கடைசியாக, வண்டி தரையில் நிற்கும்போது இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் பொய்யாகத் தெரியும்.

அலைன்மென்ட்டும் விளக்கும்

சில நாள் ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு அலைன்மென்ட். கேம்பர் அரை டிகிரி நெகட்டிவ், காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவு) 3 டிகிரிக்குப் பக்கத்தில், டோ-இன் 1/16 முதல் 1/8 இன்ச். முன்னைவிடப் பின்னால் 1.5 இன்ச் அதிகம் குறைந்திருப்பதால் 115 இன்ச் வீல்பேஸில் சேசிஸ் முக்கால் டிகிரி மூக்கு தூக்கும், காஸ்டர் அந்த அளவு தானாகவே கூடும். இந்த வேலையில் இலவசமாகக் கிடைக்கும் ஒரே நன்மை.

அதே முக்கால் டிகிரி ஹெட்லைட்டையும் தூக்கும். விளக்கின் உயரத்தோடு ஒப்பிட்டால், 25 அடி தூரச் சுவரில் ஒளி ஏறக்குறைய 4 இன்ச் மேலே அடிக்கும். எதிரே வருபவர் கண்ணில் நேராக விழும். திருகாணி இரண்டையும் திருப்பிச் சுவரில் பார்த்து இறக்கிவிட வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிள் ஆக்சில் ஏறியதால் தொய்ந்திருக்கும், அதையும் இழுத்துவிடுங்கள்.

சுமை பற்றிக் கேட்பார்கள். 3 இன்ச் ஓட்டம் மிஞ்சிய வண்டியில் அரை டன் ஏற்றினால் அந்த 3 இன்ச்சில் பாதிக்கு மேல் நின்றபடியே போய்விடும், சத்தம் திரும்பி வரும். அடிக்கடி சுமை ஏற்றும் வண்டி என்றால் பின்னால் 4 இன்ச்சோடு நிறுத்தி, முன்னால் ஸ்பிண்டிலை மட்டும் போட்டு, நாட்ச்சையும் சேர்த்துச் செய்துவிடுவது நல்லது.